வேடர் பாறை ஓவியம்: நிறமும் கருவியும்

இலங்கையின் உலர் வலயக் குகைகளில் வேடர் வரைந்த சித்திரங்கள் வேடர் பாறை ஓவியங்கள் எனப்படும். அநுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலையும் பொலன்னறுவை மாவட்டத்துத் திம்புலாகலையும் பேர்பெற்ற இடங்கள். அம்பாறை மாவட்டத்தில் ஹுலன்னுகே தருலெங்கல குகையைச் சொல்லலாம்.

முதன்மையான நிறப்பொருள் அடுப்புச் சாம்பல். சி. ஜி. செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் செய்முறை பதிவாகியிருக்கிறது. உள்ளங்கையில் சாம்பலை வைத்து எச்சிலால் குழைத்து, சுட்டுவிரலால் பாறையில் இழுப்பார்கள். வரைந்தவர்கள் பெண்கள், வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை பொழுதுபோக்காக வரைந்தார்கள் என்று நூலாசிரியர்களிடம் சொல்லப்பட்டது. மனிதர், யானை, சிறுத்தை, மான், வில் ஆகியன திரும்பத் திரும்ப வருகின்றன.

பண்டைய எகிப்தை இங்கே ஒப்பிடுவது பயனுள்ளது. அங்கே நாணற்புல் தண்டின் நுனியை மென்று நாராக்கித் தூரிகை செய்தார்கள். காவிமண்ணில் சிவப்பும் மஞ்சளும், மலக்கைற்றில் பச்சையும் கிடைத்தன. நீலத்துக்கு மணல், சுண்ணாம்பு, செம்பு, காரம் ஆகியவற்றைச் சேர்த்து 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் சூளையும் சம்பளக் கைவினைஞரும் அரசும் தேவை. பிசினால் பிணைத்த அந்த நிறங்களில் பல, வறண்ட கல்லறைகளுக்குள் இன்றும் மங்கவில்லை. தூரிகைகளும் நிறப்பலகைகளும்கூட மிஞ்சின. சாம்பலுக்கு ஓர் அடுப்பு போதும். இதை வைத்து வேடர் ஓவியத்தைக் குழந்தைத்தனமானது என்று தள்ளுவது அவசரத் தீர்ப்பு: கல்லறைச் சித்திரம் என்றென்றைக்கும் நிலைக்கவேண்டும் என்று தீட்டப்பட்டது, குகைச் சித்திரத்துக்கு அப்படியொரு நிபந்தனை இருந்ததாகத் தெரியவில்லை.

மரச்சாம்பலில் பெரும்பங்கு கல்சியம் காபனேற்று. அது வெண்மை தரும். ஆனால் எச்சில் நல்ல பிணைப்பான் அல்ல. மழைச்சாரல் பட்டாலும் மேனி உரசினாலும் உதிர்ந்துவிடும். விரலே தூரிகை என்பதால் அகழ்ந்தெடுக்கக் கருவி எதுவும் கிடைப்பதில்லை. காலக்கணிப்பு சிக்கலாவதற்கு இவ்விரண்டும் காரணம். எல்லாக் குகைகளிலும் உள்ளவற்றை ஒரே காலத்தவை என்றோ வேடர் கைவண்ணம் என்றோ கொள்ள முடியாது.

இத்தீவில் கனிம நிறங்களின் பயன்பாடு இதைவிட மிகப் பழையது. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுவரை பழைமையான மனித வாழிடப் படைகளை ஆராய்ந்தவர்கள், அங்கே சிவப்பு, மஞ்சள், வெள்ளி நிறக் கனிமங்கள் பயன்பட்டதை 2020இல் வெளியிட்டார்கள். சிகிரியாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியர்களும் சிவப்பு, மஞ்சள் காவிகளையே பெரிதும் நம்பினார்கள்.