குடிவழி தேடுவார்க்குச் சில குறிப்புகள்

தம் பாட்டனார் பெயரைக் கேட்டால் உடனே விடை கூறுவோர் நம்முட் பலர். பாட்டனாருடைய தந்தையார் பெயரைக் கேட்டால் தயங்குவோர் பலர். பாட்டனாரைப் பெற்ற அம்மையாரின் பெயரைக் கேட்டாலோ வாய் திறப்பார் மிகச் சிலரே. அங்ஙனமிருக்க, நம்மவர் கூடிய இடங்களிலெல்லாம், இன்ன அரசர் காலத்தில் நம் குலத்தார் இன்ன பதவி வகித்தனர் என்னும் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த அரசனைப் பற்றி வாதாடும் நாம், நூறாண்டுக்கு முன் நம் வீட்டில் அடுப்பெரித்த அம்மையின் பெயரை அறியாதிருத்தல் நாணத்தக்கதேயாம். ஆகலின், தம் குடிவழியை ஆராயப் புகுவார் எங்குத் தொடங்கி எவ்வழிச் செல்லவேண்டும் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் கொள்ளவேண்டிய நியதி ஒன்றுண்டு. பழம்பெருமையுடைய ஒருவரை உச்சியில் நிறுத்தி அவரிடமிருந்து கீழே இறங்குதல் ஆகாது. தன்னில் தொடங்கி, தாய் தந்தையர், அவரைப் பெற்றோர் என ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுதலே முறை. ஒரு படிக்குச் சான்று கிட்டாமல் அடுத்த படியிற் கால் வைத்தலாகாது. எட்கார் தர்ஸ்டன் என்பார் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலும், 1871 முதல் 1931 வரை வெளிவந்த ஜனக் கணக்கு அறிக்கைகளும் குலங்களைப் பற்றிப் பேசுவனவேயன்றி, நம் வீட்டார் இன்னாரென்று கூறுவன அல்ல.

இரண்டாவது, முதியோரை அடுத்தல். அவருள்ளும் மூதாட்டியரையே முதலில் அடுத்தல் வேண்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு, மகளைக் கொடுத்த வீடு ஆகிய மூன்றின் உறவும் அவர் நினைவில் இருக்கும். "எந்த வருஷம்?" என்று கேட்டால் அவர் திகைப்பர். "1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டால் நாளும் பொழுதுமாகக் கூறுவர். கூறியதைக் கூறியவாறே எழுதி, கூறினார் பெயரையும் தேதியையும் அதனடியிற் குறித்து வைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, வீட்டுப் பெட்டி. ஜாதக ஓலை, கலியாணப் பத்திரிகை, மொய்க் கணக்கு, வரி ரசீது ஆகியவற்றுள் ஒன்றையும் குப்பையென்று கழிக்கலாகாது. ஐம்பதாண்டுக்கு முந்திய மொய்க் கணக்கொன்று, எவ்வெவ்வூரில் நமக்கு உறவினர் இருந்தனர் என்பதற்குத் தக்க சாட்சியாம். ஜாதகத்தில் ஆண்டைக் காணும்போது விழிப்பு வேண்டும். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவன. "விக்கிரம வருஷம் ஆவணி மாதம்" என்றிருப்பின் அது 1880 ஆகலாம், 1940-உம் ஆகலாம். உடனுள்ள கலியாண்டு, சகாப்தம், கொல்லமாண்டு இவற்றைக்கொண்டே துணிதல் வேண்டும். இன்னுமொரு மயக்கம் பெயரில் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கமாதலின், முத்துசாமி மகன் இராமசாமி, இராமசாமி மகன் முத்துசாமி என ஒரே பெயர் மாறி மாறி வரும். இருவரை ஒருவராக்கிவிட்டால் ஒரு தலைமுறையே மறைந்துபோம்.

நான்காவது, சர்க்கார் ஆவணங்கள். பழைய கிரயப் பத்திரங்களிலும் பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் இன்ன ஊரிலிருக்கும், இன்ன ஜீவனமுள்ள, இன்னார் குமாரர் இன்னார் என எழுதும் வழக்கமிருந்தது. இவற்றின் நகலைப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். இனாம் நிலம் அனுபவித்த குடும்பத்தார், 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகளைப் பார்த்தல் நன்று. மானியத்தை முதலிற் பெற்றவர் பெயரும், விசாரணை நடந்த காலத்தில் அனுபவித்தவர் பெயரும் அவற்றில் குறிக்கப்பட்டுள. சென்னை எழும்பூரில் 1909 முதல் விளங்கிவரும் ஆவணக் காப்பகம் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாம்.

கடல் கடந்து சென்றாரை நாம் மறத்தலாகாது. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் முதலாக, 1911 வரையில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுடைய பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, கிராமம், தாலுகா, ஜில்லா முதலியன கப்பற் பட்டியல்களில் எழுதப்பட்டன. "ஒருவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை" என்று வீட்டில் ஒரு சொல் வழங்குமாயின், அதனை அலட்சியம் செய்யற்க. எனினும், கேட்டதைக் காதிற்பட்டவாறு எழுதிய குமாஸ்தாக்களால் பெயர்கள் திரிந்திருத்தல் கூடும்.

இனி எம் அனுபவம் ஒன்று கூறுவாம். எம் பாட்டனாரின் தாயாரை வீட்டில் எல்லாரும் "பெரியாத்தாள்" என்றே குறித்து வந்தனர். அவர் பெயரை அறிந்த ஒரே ஒரு மூதாட்டியார் பக்கத்து ஊரில் இருந்தார். அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று யாம் நாள் கடத்தினோம். சென்றபோது அவர் வீட்டில் பதினாறாம் நாட் காரியம் நடந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, உறவினர் ஒருவர் பரணில் செல்லரித்த காகிதமொன்று அகப்பட்டது. அது பெரியாத்தாளுக்கு அவர் தந்தையார் எழுதிவைத்த மஞ்சட்காணிப் பத்திரம். அரைக்காணி நிலத்தின் எல்லைகளுக்கு நடுவே அவ்வம்மையின் பெயர் தெளிவாக இருந்தது. மறு ஆண்டு எம் வீட்டிற் பிறந்த பெண் மகவுக்கு அப்பெயரையே இட்டோம். காகிதம் கிடைத்தது, ஆனால் மறைந்த மூதாட்டியார் கூறியிருக்கக்கூடிய கதைகள் கிடைத்தில.

தேடுமிடத்து நாம் எதிர்பாராதனவும் வெளிப்படும். கடன்பட்டு ஊரைவிட்டுப் போனவரும், பிறர் நிலத்திற் கூலி செய்தவரும் நம் முன்னோரே. அவரை மறைத்து, இல்லாத சேனாபதியை ஏட்டில் ஏற்றுதல் முன்னோர்க்குச் செய்யும் அபசாரமாம். பிறரினும் உயர்ந்தோமெனச் சொல்லிக்கொள்ளுதற்கன்று இம்முயற்சி. நம்மை ஆளாக்கினாரை நன்றியோடு அறிதற்கே.

ஆகவே, இதனைப் படிக்கும் அன்பர்கள் ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கி, முதற் பக்கத்தில் தம் பெயரையும், பெற்றோர் இருவர் பெயரையும், இரு பாட்டிமார் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் எழுதுவார்களாக. எழுத இயலாது நின்ற இடமே தேடத் தொடங்கவேண்டிய இடம். வீட்டில் முதியோர் உளரேல், இன்றிரவே அவரருகில் அமர்க. நாளை என்பது நம் கையிலில்லை.