டயலிசிஸ் களைப்பு: அண்ணாவின் கட்டிலும் காலடியும்

கிழமையில் இரண்டு நாள் அண்ணாவைக் கெலிஓயாவில் இருந்து கண்டிக்கு டயலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். அவர் முல்லைத்தீவுக்காரர். 2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பிறகு நீரிழிவு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. நான் கலியாணம் முடித்து வந்த ஊர் இது என்பதால் எங்களோடு இருக்கிறார். திரும்பும்போது பேராதனை தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே தலை சாய்ந்துவிடும். வீடு வந்தால் மறுநாள் வரை கட்டில்தான். போன மார்கழியில் ஒருநாள், "இனி நான் வரேல்லைத் தங்கச்சி" என்றார். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமைதான் மிஞ்சும் என்பது அவருக்கும் தெரியும். ஊசி நோவு அல்ல, களைப்புத்தான் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது.

இந்தக் களைப்பு மனப்பிரமை இல்லை. 12 நாடுகளில் 6000 இற்கும் மேற்பட்ட நோயாளரைக் கேட்டு 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவரே 2 மணித்தியாலத்துக்குள் தெளிந்ததாகச் சொன்னார்கள். பத்தில் ஒருவருக்கு 12 மணித்தியாலத்துக்கும் மேல் எடுத்தது.

இரண்டு மூன்று நாட்களாக உடம்பில் சேர்ந்த நீரை இயந்திரம் நான்கே மணித்தியாலத்தில் இழுக்கிறது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் இழுப்பது நல்லதல்ல என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். 60 கிலோ ஆளுக்கு அது நான்கு மணித்தியாலத்தில் 3 லீற்றர் அளவு. அண்ணா நாலு லீற்றரோடு போய்க்கொண்டிருந்தார். தண்ணீரைக் குறை என்று சொல்லிச் சொல்லி அலுத்த பிறகுதான் கருவாட்டிலும் ஊறுகாயிலும் கண் போனது. உப்பு உள்ளே போனால் தாகத்தை அடக்க யாராலும் முடியாது.

இரத்தசோகை இன்னொரு காரணம். ஹீமோகுளோபின் எவ்வளவு, இரும்புச்சத்து எவ்வளவு என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்: நீண்ட இடைவெளியின் முடிவில் கால் கை திடீரெனச் சோர்ந்தால், நெஞ்சு படபடத்தால், பொட்டாசியம் ஏறியிருக்கலாம். அது உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய விடயம். இளநீரும் வாழைப்பழமும் அதனால்தான் அளவோடு.

நித்திரைதான் எங்களுக்குப் பெரிய சிக்கல். அண்ணா இரவில் எழும்பி இருப்பார். ஷெல் சத்தக் கனவு என்றே நான் பல மாதம் நினைத்தேன். பாதி அப்படித்தான். மற்றப் பாதி, இருக்கிற காலில் வரும் ஒரு ஊர்ச்சல். படுத்தால் கூடும், எழுந்து அசைத்தால் குறையும். டயலிசிஸ் செய்பவர்களில் பலருக்கு இது உண்டு, இரும்புச்சத்துக் குறைவும் இதைக் கூட்டும். இல்லாத கால் நோவது வேறு, இது வேறு. வைத்தியரிடம் பிரித்துச் சொன்னால்தான் மருந்து சரியாக வரும். பொஸ்பேற் கூடினால் சொறிவும் நித்திரையைக் கெடுக்கும். பெருங்குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கூடிய நீர் படுக்கையில் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுவழியை நெருக்கும். நித்திரைக் குளிசையைத் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய மருந்துகள் உடம்பிலேயே தங்கும். கனவுகளுக்கும் உதவி உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கண்டிப் பக்கத் தோட்டங்களில் காமரங்கா மரம் நிறைய. டயலிசிஸ் நோயாளர் அதை வாயில் வைக்கவே கூடாது. விக்கல், நித்திரையின்மை, மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும்.

உடற்பயிற்சி என்றதும் அண்ணா சிரித்தார். இத்தாலியில் 296 பேரோடு நடந்து 2017 இல் வெளியான ஆய்வைச் சொன்னேன். டயலிசிஸ் இல்லாத நாட்களில், வீட்டிலேயே, 10 நிமிடம் வீதம் இரண்டு தடவை மெதுநடை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில், 6 நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம் 328 மீற்றரில் இருந்து 367 ஆனது. நடக்காதவர்களிடம் மாற்றமே இல்லை எனலாம். ஜேர்மனியில் 917 பேரை வைத்து, இயந்திரத்தில் இருக்கும்போதே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில், ஒரு நிமிடத்துக்குள் கதிரையில் இருந்து எழும்பி இருக்கும் எண்ணிக்கை 16 இல் இருந்து 19 ஆகக் கூடியது. சாதாரண சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அது குறைந்தது.

செயற்கைக் கால் போட்டவர்களுக்கு ஒரு விடயம். டயலிசிஸுக்கு முன் நீரால் தண்டு வீங்கிக் கால் இறுக்கும், பின் சுருங்கித் தளரும். தளர்ந்த காலோடு நடந்தால் புண் வரும், நீரிழிவுக்காரருக்கு அந்தப் புண் ஆறாது. மேலதிகமாக ஒரு காலுறை போட்டுச் சரிசெய்கிறோம், ஒவ்வொரு இரவும் தோலைப் பார்க்கிறோம். நடக்கவே முடியாதவர்கள் கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கலாம். ஃபிஸ்டுலா உள்ள கையால் பாரம் தூக்கவேண்டாம். நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், தலைச்சுற்று வந்தால் நிறுத்தவேண்டும். தொடங்க முன் வைத்தியரைக் கேளுங்கள்.

எங்கள் ஒழுங்கை ஏற்றம். ஆகவே புகையிரத நிலையப் பக்கச் சமதரையில்தான் நடை. முதல் நாள் நாலு நிமிடத்தில் திரும்பினோம். இப்போது பத்து நிமிடம். டயலிசிஸ் அன்று பின்னேரம் இன்றைக்கும் கட்டில்தான், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குத் தானாக எழும்பி வருகிறார். போன வெள்ளி எனக்கு முன்னமே வெளிக்கிட்டு, "பஸ் போகப்போகுது" என்று வாசலில் நின்றார்.