பொன்னின் பெயர் பெற்ற மருந்து

என் தங்கையின் திருமணப் படங்களில் ஒன்றிலேனும் அவளது பற்கள் தெரிவதில்லை. வாயை மூடியபடி புன்னகைக்க அவள் ஏழு வயதிலேயே பழகிக்கொண்டாள்.

1960ஆம் ஆண்டு, அவளுக்கு மூன்று வயது. நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் கண்டபோது, அம்மா அவளைத் திகனயிலிருந்து பழைய தெல்தெனிய நகருக்குத் தூக்கிச் சென்றார். அங்கிருந்த அப்போதிக்கரி ஒருவர் பாணி மருந்து கொடுத்தார், காய்ச்சல் தணிந்தது. அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் காய்ச்சல், மீண்டும் அதே பாணி. பாற்பற்கள் விழுந்து புதிதாய் முளைத்த முன்பற்கள் மஞ்சளாக வந்தன. வெளிச்சம் படப்படச் சாம்பல் கலந்த பழுப்பாயின. அம்மா கரித்தூளும் உப்பும் இட்டுத் தேய்த்துப் பார்த்தார். அயலார் கிணற்று நீரைக் குறை கூறினர். அநுராதபுரப் பகுதியில் புளோரைட்டு மிகுந்த நீரால் பற்கள் பழுப்பாவது உண்மையே. ஆனால் அதே கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த என் பற்களுக்கு எதுவும் நேரவில்லையே!

பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல்லாண்டுகள் கழித்தே விடை கிடைத்தது. பேராதனையில் நான் சந்தித்த பல் வைத்தியர் ஒருவர், நான் விவரித்ததைக் கேட்டவுடனேயே "டெட்ராசைக்கிளின்" என்றார்.

அம்மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஓரியோமைசின். அமெரிக்காவின் மிசூரி மாநில வயல் மண்ணிலிருந்து கிடைத்த, பொன்னிற நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெஞ்சமின் டகர் என்னும் முதிய தாவரவியலாளர் அதனைக் கண்டறிந்தார். பெயரிலேயே இலத்தீன் மொழியின் 'பொன்' இருக்கிறது. அவர் பணியாற்றிய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1948 ஜூலையில் மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது; ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். பென்சிலினுக்கு அடங்காத பல நோய்களையும் அது அடக்கியது. வாயால் உட்கொள்ளக் கூடியதாகவும் இருந்தமையால், பாணியாகக் குழந்தைகளைத் தேடி வந்தது.

டெட்ராசைக்கிளின் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. பல் உருவாகும் காலத்தில் உடலில் இருந்தால், பல்லோடு பல்லாக உறைந்துவிடும். நிலைப்பற்களின் முடிப்பகுதி பிறப்பிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரை ஈறுக்குள் மறைவாக உருவாகிறது. ஆகவே மருந்து கொடுத்த கைக்கும் கறை கண்ட கண்ணுக்கும் இடையே சில ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்?

1950களின் பிற்பகுதியில், நீண்டகாலம் இம்மருந்தை உட்கொண்ட நோயாளிக் குழந்தைகளிடம் அமெரிக்க வைத்தியர்கள் இக்கறையைக் கண்டனர். 1962இல் 'லான்செட்' இதழில் வால்மன், ஹில்டன் ஆகிய இருவர், பிறந்த சில நாட்களிலேயே மருந்து பெற்ற குழந்தைகளின் பற்களைப் பற்றி எழுதினர். எச்சரிக்கைகள் அதன் பின்னரே பரவின. என் தங்கைக்கு அவை இரண்டு ஆண்டுகள் பிந்திவிட்டன. அந்த அப்போதிக்கரியை நான் இன்று குறை கூற மாட்டேன். அவருடைய கடை இருந்த நகரமும் இப்போது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் எச்சரிக்கை, அக்குடும்பத்தில் பின்னர் பிறந்த டொக்சிசைக்கிளினையும் சேர்த்தே கட்டிப்போட்டது. அது கல்சியத்தை அவ்வளவு இறுகப் பற்றுவதில்லை. உண்ணிகளால் பரவும் ரிக்கெட்சியாக் காய்ச்சலுக்கு அதுவே முதன்மை மருந்து. மத்திய மாகாண மலைப்பகுதிகளில் இக்காய்ச்சல் தலைதூக்குவதைப் பேராதனை ஆய்வாளர்கள் 2003இல் எழுதினர். தாமதித்தால் உயிரையே பறிக்கக்கூடிய நோய். பல்லுக்கு அஞ்சி மருந்தைத் தள்ளிப்போட முடியாது. எட்டு வயதுக்கு முன் டொக்சிசைக்கிளின் பெற்ற 58 பிள்ளைகளின் பற்களை, பெறாத 213 பேருடைய பற்களோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015இல் வெளியானது. கறை காணப்படவில்லை. 21 நாட்கள் வரையான குறுகிய சிகிச்சைக்கு வயது தடையல்ல என 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவித்தது. பழைய டெட்ராசைக்கிளினுக்கு அத்தளர்வு இல்லை.

சென்ற ஆண்டு தங்கையின் ஆறு வயதுப் பேரனுக்குக் காய்ச்சல் கண்டு, உடலில் புள்ளிகளும் தோன்றின. வைத்தியர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணா, இதுவும் அந்தக் குடும்பத்து மருந்துதானாமே?"

மேலே எழுதியவற்றையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "பாணியா, குளிசையா?" என்றாள். குளிசை என்றேன். வைத்தியர் சொன்ன ஏழு நாட்களும் அவளே தன் கையால் கொடுத்தாள்.