வாட்ஸ்அப் முகப்பும் ஜூலிப் முகப்பும்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டமே 71 அடிதான். ஐப்பசி, கார்த்திகையில் இந்தத் தகவல் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் ஓடும். மாட்டுத்தாவணி மல்லி விலை, துக்கச் செய்தி, கும்பாபிஷேக அழைப்பு, குட் மார்னிங் படம் எல்லாம் அதே குரூப்பில்தான் வருகின்றன. விடியலில் வயலுக்குப் போனவர் மதியம் போனைத் திறக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்? அதைக் காட்டுவதுதான் செயலி முகப்பின் வேலை.

வாட்ஸ்அப் முகப்பில் தெரிபவை குரூப் பெயர், கடைசி மெசேஜ், படிக்காதவற்றின் எண்ணிக்கை. எச்சரிக்கைக்குப் பிறகு ஒருவர் கைகூப்பும் படம் போட்டுவிட்டால் முகப்பில் நிற்பது அந்தப் படம்தான். 150 மெசேஜ் இருக்கிறது என்று தெரியும். எதைப் பற்றி என்று தெரியாது. 2022இல் ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம் என்றானபின் இந்தச் சிக்கல் பெருத்தது. 2024இல் வந்த வடிகட்டி, படிக்காதவற்றையும் குரூப்புகளையும் பிரித்துக் காட்டுகிறது. குரூப்புக்குள் இருக்கும் குவியலை அது தொடுவதில்லை.

2012இல் தொடங்கி, 2015இல் திறமூலமான ஜூலிப் என்ற அரட்டைச் செயலி வேறு வழியில் போகிறது. அதன் சேனல்களில் ஒவ்வொரு மெசேஜும் ஒரு தலைப்பின்கீழ் வருகிறது. முகப்பில் ‘வைகை நீர்மட்டம் 4, மல்லி விலை 11, காலை வணக்கம் 90’ என்று வரிசையாகத் தெரியும். முதலாவதைப் படித்துவிட்டு மூன்றாவதைத் திறக்காமலே தள்ளிவிடலாம். முடிந்த விஷயத்துக்கு டிக் போடலாம். இடம் மாறி விழுந்த மெசேஜைப் பொறுப்பாளர் உரிய தலைப்புக்கு நகர்த்தலாம். இரண்டு நாள் ஊரில் இல்லாதவருக்கும் எதுவும் தப்பாது.

ஆனால் தலைப்பிடும் வேலை அனுப்புகிறவர் தலையில் விழுகிறது. மடையில் நின்றுகொண்டு அவசரமாக வாய்ஸ் மெசேஜ் போடும் பெரியவர் தலைப்பு தேடமாட்டார். அவரிடம் எதையும் கேட்காததுதான் வாட்ஸ்அப்பின் பலம். அதைச் சிறிதாக எண்ணக்கூடாது.

இரண்டுமே கவனிக்காத ஒன்று உண்டு. நீர்மட்டம், பூ விலை போன்றவற்றில் கடைசி மெசேஜ் போதும். 69 அடி வந்தபின் 66 அடி பழங்கதை. கண்மாய் மராமத்துக் கூட்டத்தில் எடுத்த முடிவையோ முதலிலிருந்து படித்தால்தான் யார் எதற்குச் சம்மதித்தார் என்பது புரியும். இந்த இரண்டு வகையையும் ஒரே மாதிரி அடுக்குவது பெரிய குறை. 2025இல் மெட்டா வாட்ஸ்அப்பில் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தையும் இந்த இடத்தில் நான் நம்பமாட்டேன். எச்சரிக்கையில் அடிக்கணக்குதான் உயிர். அதை மூல மெசேஜிலேயே பார்க்க வேண்டும்.

திரும்பி வருபவருக்கு ஜூலிப்பின் முகப்பே மேல் என்பது என் தீர்ப்பு. போடுகிறவர் ஒருவர், படிப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். போடுவது வாட்ஸ்அப் போல எளிதாக இருக்கட்டும், தலைப்பைப் பிறகு அட்மின் ஒரு தொடுதலில் சேர்க்கட்டும்.

ஜோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘அரட்டை’ செயலியில், நம் பெயரைக் குறிப்பிட்ட மெசேஜ்களைத் திரட்டித் தரும் தனிப்பக்கம் இருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வெள்ள எச்சரிக்கை யார் பெயரையும் சொல்லி வருவதில்லை. அரட்டையை உருவாக்குகிறவர்கள் ஆற்றோர ஊர் குரூப் ஒன்றை மழைக்காலத்தில் ஒரு வாரம் கவனித்துவிட்டு, அடுத்த முகப்பை வடிவமைக்க வேண்டும்.