சுண்ணாம்பு தடவிய முட்டி

சுன்னாகமும் அதைச் சூழ்ந்த வலிகாமமும் சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தவை. சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இங்கு கட்டடத்துக்கும் வெற்றிலைக்கும் மட்டுமன்றிப் பனைத் தொழிலுக்கும் வேண்டியிருந்தது. சீவல் தொழிலாளர் பாளையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பணி, தடவாவிட்டால் கள். கருப்பணியைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கிக் குட்டான்களில் அடைத்தார்கள்.

பாளைநீரின் சீனி பெரும்பாலும் சுக்குரோசு. அதில் சேரும் மதுவம் இன்வேட்டேசு என்னும் நொதியத்தால் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளந்து, பின் மதுசாரமாக்கும். பிளந்த சீனி எளிதில் பளிங்காகாது. பனங்கட்டி இறுகாது, கல்லாக்காரமும் விளையாது. சுண்ணாம்பு கரையும்போது கல்சிய அயனும் ஐதரொட்சைட்டு அயனும் பிரிகின்றன. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் பெறுமானம் 12ஐத் தாண்டும்; இன்வேட்டேசு நன்கு இயங்குவதோ 4.5 அளவில். ஆகவே நொதியத்தை முடக்குவது முதன்மையாக ஐதரொட்சைட்டே. சுண்ணாம்பு மிஞ்சினால் பனங்கட்டியின் நிறமும் சுவையும் கெடும். அந்த அளவைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த தொழிலாளரின் தேர்ச்சி, நொதிய வரலாற்றில் இடம்பெற வேண்டியது.

இதே இன்வேட்டேசை மதுவத்திலிருந்து 1860இல் பிரித்தவர் பிரான்சின் பெர்த்தலோ. 1913இல் பெர்லினில் மைக்கேலிசும் மென்ரனும் நொதிய வேகத்துக்கான சமன்பாட்டை அதைக்கொண்டே நிறுவினார்கள். வெள்ளி, இரச அயன்கள் சிறிதளவிலேயே இந்நொதியத்தை முடக்குவன. ஆனால் உலோகம் எப்போதும் தடையன்று. காபோனிக் அன்ஐதரேசு என்னும் நொதியத்தில் நாகம் இருப்பதை 1940இல் கேம்பிரிட்ஜில் கெயிலினும் மானும் காட்டினார்கள். நாக அயனுடன் பிணைந்த நீர்மூலக்கூறு, நடுநிலைக்கு அண்மையிலேயே ஐதரசன் அயனை இழந்து ஐதரொட்சைட்டாகிறது. முட்டி முழுவதும் பரவி வினையைத் தடுத்த அதே ஐதரொட்சைட்டு, இங்கே ஓர் உலோக அயனின் மேல் தங்கி வினையை ஊக்குகிறது.

செயற்கை நொதியங்களை வடிவமைத்தோர் பின்பற்றியது இந்த வழியையே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெக்கோராரோவின் குழு, இயற்கையில் இல்லாத மூவிழைப் புரதச் சுருளொன்றை வடிவமைத்து, மூன்று இசுத்திதீன்களுக்கு நடுவே நாகத்தை இருத்தி, 2012இல் முடிவை வெளியிட்டது. அதே புரதத்தில் வேறோரிடத்தில் இருந்த இரச அயன் வடிவத்தைத் தாங்கியது. வினை நடந்தது நாகத்தில். காபனீரொட்சைட்டை நீருடன் சேர்ப்பதில் அதன் வினைத்திறன் இயற்கை நொதியத்தைவிட ஏறத்தாழ 500 மடங்கு குறைவு. ஆயினும் மனிதர் வரைந்த ஒரு புரதத்துக்கு அது பெரிய எட்டு.