வாக்கற்ற உயிர்களும் வாக்குச் சீட்டும்

குடியாட்சி என்பது எண்ணிக்கையின் ஆட்சி. வாக்குடையோர் தம் குறையைத் தாமே எடுத்துரைப்பர், ஆள்வோரும் செவிசாய்ப்பர். வாக்கும் இன்றி, வாயும் இன்றி வருந்தும் விலங்கினத்துக்காகப் பரிந்து பேசுவோர் தேர்தல் அரசியலில் யாது செய்தனர், யாது பயன் கண்டனர் என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அக்காலச் சட்ட நிரூபண சபையில் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரேனும் இலர். படித்த இலங்கையருக்குரிய ஆசனத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவானது 1911 இலேயாம். சர்வசன வாக்குரிமை கிடைத்ததோ 1931 இல். ஆகவே, இந்நாட்டு விலங்குகள் பெற்ற அக்காப்பு வாக்குச் சீட்டின் வழி வந்ததன்று. அச்சட்டம் விதித்த மிகக்கூடிய தண்டம் 100 ரூபா. அன்று அது பெருந்தொகை. பின்னர்ப் பணத்தின் மதிப்புத் தேய்ந்துகொண்டே சென்றது.

பாரதத்திலும் ஏறக்குறைய இதுவே வரலாறு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். மிருகவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றை அவர் கொணர்ந்தார். அரசாங்கமே இதனைக் கவனிக்கும் எனப் பிரதமர் நேரு உறுதியளிக்கவே, அம்மையார் அதனை மீட்டுக்கொண்டார். 1960 இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962 இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். அவர் எத்தொகுதியிலும் வாக்குக் கேட்டு நின்றவரல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. எனினும், எந்தச் சமூகமும் தன் சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்லுதல் குற்றமாகாது என அச்சட்டம் விலக்களித்தது. பெரும்பான்மையை நம்பி வாழும் அரசு எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு அவ்விலக்கு ஓர் எல்லைக்கல் எனலாம்.

தேர்தல் நெருங்குங்கால் அவ்வெல்லை இன்னும் சுருங்கும். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1950 இல் இயற்றப்பட்டு, நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்தது. 2003 இல் ஜெயலலிதா அரசு அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முனைந்தது. கிராமத் தெய்வங்களை வழிபடுவோர் கொதித்தெழுந்தனர். 2004 இல், மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், சட்டமே நீக்கப்பட்டது. 2016 சனவரியில், தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில திங்கள் முன்னர், நடுவண் அரசு சல்லிக்கட்டுக்கு அனுமதியளித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆட்டுக்கும் காளைக்கும் வாக்கில்லை. அவற்றைப் பலியிடுவோர்க்கும் அடக்குவோர்க்கும் உண்டு.

மீண்டும் இலங்கையை நோக்குவோம். 2004 பொதுத் தேர்தலில் ஜாதிக ஹெல உறுமய கட்சியின் சார்பில் ஒன்பது பௌத்த பிக்குகள் பாராளுமன்றம் புகுந்தனர். 1907 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2006 இல் சட்ட ஆணைக்குழு விலங்கு நலச் சட்ட வரைவொன்றை ஆக்கியது. அவ்வொன்பதின்மருள் ஒருவரான அத்துரலியே இரத்தன தேரர் 2010 இல் விலங்கு நல மசோதாவைத் தனிநபர் பிரேரணையாகக் கொணர்ந்தார். அப்பாராளுமன்றத்தில் அது சட்டமாகவில்லை. 2016 இல் அமைச்சரவை இத்தகைய சட்டத்துக்கு இணங்கியபோது, நூறாண்டுச் சட்டம் இன்னும் மாறாதிருந்தது.

ஆனால், 2020 ஓகஸ்ற் தேர்தலில் பெருவெற்றி பெற்ற அரசு, அடுத்த மாதமே மாடறுப்பைத் தடைசெய்யக் கொள்கையளவில் முடிவு செய்தது. மாட்டிறைச்சி உண்போருக்காக அதனை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்பதும் அம்முடிவின் ஒரு கூறு. உண்பார் உளராயின் விற்பாரும் உளர் என்பதைப் புலான் மறுத்தலில் வள்ளுவர் உணர்த்தினார். கத்தி கடல் கடந்து சென்றால் வதை ஒழிந்ததாகுமா? அன்றியும், இத்தடையால் முதலில் பிழைப்பிழப்போர் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவர்களோடு அடுத்தடுத்து வாழும் சைவ மக்கள், பசுவைத் தெய்வமாகப் போற்றுபவர்களாயினும், அச்செயல் உயிரிரக்கத்தாற் பிறந்ததா, அயலார்மேற் கொண்ட காழ்ப்பாற் பிறந்ததா என வினவுதல் கடனாகும்.

வேறொரு வழியும் உண்டு. நெதர்லாந்தில் 2002 இல் விலங்குகளுக்கென்றே ஒரு கட்சி தோன்றியது. 2006 இல் 150 ஆசனங்களுள் இரண்டை அது வென்றது. இனத்தையோ சமயத்தையோ துணைக்கழையாது, வதைபடும் உயிரையே பொருளாகக் கொண்டு வாக்குக் கேட்டமையே அதன் சிறப்பு.

வாக்கில்லா உயிர்க்காகப் பேசுவோர் மனிதரின் வாக்கைக் கடனாகப் பெறவேண்டியுள்ளது. கடன் கொடுப்போரோ தம் நலனை வட்டியாகக் கேட்பர். ஆதலின், ஜீவகாருண்யத்தின் பெயரால் எச்சட்டம் வரினும், அதனால் நோவு குறைவது எந்த விலங்குக்கு, நோவு கூடுவது எந்த மனிதர்க்கு என்று இரண்டையும் எடைபோட்டே வாக்களித்தல் வேண்டும். கொல்லாமையைப் போற்றும் மரபில் வந்தோர்க்கு அயலானை நோகச் செய்யாமையும் அவ்வறத்தின் பாற்பட்டதேயாம்.