சூரிய ஊர்திகளின் மின்னணுவியலில் தொடர்பு இடைமுகத் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

1987 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை, ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் தொலைவுக்கு உலகச் சூரிய ஊர்திப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் மணிக்குச் சராசரியாக 66.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வென்றது. அதே ஆண்டில்தான் ‘கேன்’ என்னும் தொடர்புத்தடத்திற்கான 82526 என்ற சில்லை இன்டெல் வெளியிட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும் பிற்காலச் சூரிய ஊர்திக் குழுக்கள் பலவும் கேனையே நாடின. அதற்கான காரணம் ஆராயத்தக்கது.

நுண்கட்டுப்படுத்திகளை இணைக்க வேறு வழிகளும் அக்காலத்தில் இருந்தன. பிலிப்ஸ் 1982இல் உருவாக்கிய ஐ-டூ-சி, தொலைக்காட்சிப் பெட்டி போன்ற கருவிகளின் உட்சில்லுகளுக்கென எழுந்தது. அதன் தடத்தில் மின்தேக்கம் 400 பிக்கோஃபாரடைத் தாண்டலாகாது. ஆதலால் நீண்ட கம்பிக்கு அது ஒவ்வாது. மோட்டரோலாவின் எஸ்பிஐ விரைவானது. ஆயின் ஒவ்வொரு கருவிக்கும் தனித் தெரிவுக்கம்பி வேண்டும். இரண்டும் ஒரே பலகைக்குள் பேசுவதற்கு உரியவை. சூரிய ஊர்தியிலோ மின்கல அடுக்கு, மோட்டார் கட்டுப்படுத்தி, ஓட்டுநர் பலகை ஆகியன சில மீட்டர் இடைவெளியில் அமைகின்றன; இடையே மோட்டாரின் மின்னிரைச்சலும் உண்டு.

கேன் பரவியதற்கு அதன் வேகமே காரணம் என்று கூறுவது பொருந்தாது. அதன் உச்சம் 40 மீட்டருக்கு நொடிக்கு 1 மெகாபிட். ஒரு செய்தியில் 8 பைட்டுகளே அடங்கும். எஸ்பிஐ இதனை எளிதில் விஞ்சும். போஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி 1986இல் டெட்ராய்டில் அறிமுகப்படுத்திய இம்முறையின் தனிச்சிறப்பு முன்னுரிமையில் உள்ளது. இரு கருவிகள் ஒரே கணத்தில் பேச முற்பட்டால், சிறிய அடையாள எண்ணுடைய செய்தி சிதையாமல் செல்லும். மற்றது விலகிக் காத்திருக்கும். மின்கலம் சூடேறிய எச்சரிக்கை வேகமானியின் செய்திக்குப் பின்னே நிற்க வேண்டியதில்லை. ஓயாது பிழைபடும் கருவி தானே தடத்திலிருந்து நீங்கிக்கொள்ளும். ஆர்எஸ்-485 முறையும் இரைச்சலைத் தாங்கவல்லதே. ஆனால் யார் எப்போது பேசுவது என்பதை அது வரையறுப்பதில்லை. அச்சுமையை மாணவக் குழுவே எழுதித் தீர்க்க வேண்டியிருந்தது.

தெரிவு முழுவதும் குழுக்களுடையதாகவும் இருக்கவில்லை. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகச் சூரிய ஊர்திக் குழுவிலிருந்து தோன்றிய டிரிட்டியம் நிறுவனத்தின் வேவ்ஸ்கல்ப்டர் மோட்டார் கட்டுப்படுத்தி கேன் வழியாகவே கட்டளை ஏற்றது. அதனை வாங்கிய குழுவுக்குத் தடம் பெரும்பாலும் முடிவாகிவிட்டது எனலாம்.

மின்கலப் பெட்டிக்குள் நிலைமை வேறு. அடுக்கிய மின்கலங்களின் மின்னழுத்த நிலைகள் வேறுபடுவதால், அவற்றை அளக்கும் சில்லுகளைச் சாதாரணக் கம்பியால் நேரே பிணைக்க இயலாது. லீனியர் டெக்னாலஜியின் எல்டிசி6804 சில்லு, எஸ்பிஐயை மின்மாற்றி வழியே முறுக்கிய இணைக்கம்பியில் அனுப்பும் முறையைக் கையாண்டது. பெட்டிக்குள் அவ்வழி, வெளியே கேன் என்னும் பகுப்பு அதன்பின் எளிதாயிற்று.